சிலோன்காரர் என்னும் இந்தியக் குடிமகன்

கோத்தகிரியிலோ கூடலூரிலோ ஒருவர் வீட்டுக்கு வழி கேட்டால், "சிலோன்காரர்தானே? அந்த மேட்டு மேல போங்க" என்று இன்றும் பதில் வரும். அந்த வீட்டுக்காரர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியக் கடவுச்சீட்டோடு ராமேஸ்வரத்தில் இறங்கி அரை நூற்றாண்டு ஆகியிருக்கும். பிள்ளைகள் இங்கே பிறந்து, இங்கே ஓட்டுப் போட்டு, திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். வழி சொல்பவருக்குப் பகை எதுவும் இல்லை. ஆனால் சாதிச் சான்றிதழுக்கோ பட்டாவுக்கோ அலுவலகப் படி ஏறும்போது அதே அடையாளம் ஒரு கேள்வியாக மாறி எதிரே நிற்கும்.

நீலகிரியில் இவர்கள் வந்து சேர்ந்த கதை 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் போட்ட கையெழுத்தில் தொடங்குகிறது. இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இலங்கையில் நாடற்றிருந்த இந்திய வம்சாவளி மனிதர்கள் 9,75,000 பேரைக் கணக்குத் தீர்த்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் அண்டா குண்டாவைப் பிரிப்பதுபோல முடிந்தது விஷயம். விண்ணப்பம் போடச் சொன்னபோதுதான் அந்த மக்களின் மனது தெரிந்தது: இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கீட்டைவிட அதிகம், இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கீட்டைவிடக் குறைவு. இருந்தும் சுமார் நாலரை லட்சம் பேர் வந்தார்கள். இலங்கையின் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு அங்கே 'அழுகைக் கோச்சி' என்று பெயர்.

இவர்கள் நாடற்றவர்கள் ஆனதற்கு வேர் 1948-இல் இருக்கிறது. அந்த ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்துக்கு, அந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதவில்லை. தகப்பனும் அங்கேயே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்ததற்கு, ஆதாரம் வேண்டும். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில், ஒற்றைக் காம்பராவில் பிறந்தவருக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கும்? 1949-இல் வாக்காளர் பட்டியலிலிருந்தும் பெயர் போயிற்று. முந்தைய 1947 தேர்தலில் தோட்ட மக்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வேறு பல தொகுதிகளில் அவர்கள் ஓட்டு இடதுசாரிகளுக்கு உதவியது. 1952-இல் அந்த ஏழும் பூஜ்யமாகிவிட்டது. இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953-இல் தோற்றது. ஓட்டை ஒழுங்காகப் பயன்படுத்தியதே அவர்கள் செய்த குற்றம் என்று சொன்னால் அது மிகையாகாது.

குடிமகன் யார் என்ற கேள்விக்கு அரிஸ்டாட்டில் கொடுத்த விடை கறாரானது. ஓரிடத்தில் குடியிருப்பதால் மட்டும் ஒருவர் குடிமகன் ஆவதில்லை. தீர்ப்பிலும் ஆட்சியிலும் பங்கு இருந்தால்தான் குடிமகன். இதைச் சொன்னவரே ஏதென்ஸில் அந்த உரிமை இல்லாத வெளியூர்க்காரராக வாழ்ந்தவர் என்பது சரித்திரத்தின் குறும்பு. அதே ஏதென்ஸில் சாக்ரடீஸ் சிறையிலிருந்து தப்ப மறுத்தபோது சொன்ன நியாயம் வேறு: இத்தனை காலம் இந்த ஊரை விட்டுப் போகாமல் இருந்ததே அதன் சட்டங்களுக்கு நான் கொடுத்த சம்மதம். நல்ல வாதம்தான். ஆனால் மூன்று தலைமுறையாகத் தங்கி, காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் சம்மதத்தைக் கொழும்பு ஏன் ஏற்கவில்லை? தங்கியிருப்பது தங்கியவரைக் கட்டுப்படுத்தும் என்றால் அரசையும் கட்டுப்படுத்த வேண்டாமா?

தமிழ்க் கிராமத்துக்கு இதில் தனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுமுன் ஊர்க்கூட்டம் போட்டுத் தலைக்கட்டு வரி எழுதுவார்கள். வரி எழுதப்பட்ட வீட்டுக்காரருக்குத்தான் கூட்டத்தில் குரல் உண்டு. கணக்குக் கேட்கலாம், தர்மகர்த்தாவோடு சண்டைகூடப் போடலாம். வரி வாங்காமல் விட்டுவிட்டால் அதைவிடப் பெரிய தண்டனை இல்லை, ஊரைவிட்டுத் தள்ளிவைத்ததற்குச் சமம். இது சாதியின் வேலி கட்டிய வழக்கம், அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. என்றாலும் அரிஸ்டாட்டில் சொன்ன பங்கு என்பது இங்கே ரசீதோடு இருக்கிறது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கம் பாட்டன் விட்டுவந்த கிராமத்தில், திரும்பி வந்தவர்களின் பெயர் எந்த வரி நோட்டிலும் இல்லை. மறுவாழ்வு என்று சமவெளியில் கடை வைக்கக் கடன் வாங்கியவர்களில் பலர், வியாபாரம் கைகொடுக்காமல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மலையேறினார்கள். கொழுந்து கிள்ளவும் கவ்வாத்து வெட்டவும் தெரிந்த கைக்கு மலைதான் ஊர். இங்கே அவர்களே அம்மன் கோயில் கட்டி, அவர்களுக்குள் வரி எழுதிக்கொண்டார்கள்.

அரசும் ஒரு கை கொடுத்தது. இவர்களுக்கு வேலை தரவே 1968-இல் வனத்துறையின் கீழ்த் தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976-இல் அது 'டேன்டீ' என்ற கழகமாகி, குன்னூரில் தலைமையகம் அமைந்தது. வேலை, வீடு, பெரட்டு என்ற காலை வருகைப் பதிவு, பேர் என்ற நாள் கணக்கு எல்லாம் இலங்கையில் இருந்த அச்சிலேயே வார்த்தது. அதே அச்சின் கோளாறும் கூடவே வந்தது: வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் இருப்பவருக்குச் சொந்தமென்று ஒரு சென்ட் இல்லை. கூடலூர் பக்கம் பரம்பரை நிலக்கிழார்களுக்கு உரியதாக இருந்த ஜன்ம நிலங்களில் குடியேறியவர்கள் நிலை இன்னொரு விதம். 1969-இன் ஜன்ம ஒழிப்புச் சட்டத்தில் 'பிரிவு 17' நிலம் என்று எழுதப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் பல பத்தாண்டுகளாக மனு எழுதுகிறார்கள்.

குடிமகன் யார் என்ற கேள்விக்கு அமெரிக்கா பளிச்சென்று ஒரு விடை எழுதிவைத்த நாடு. கறுப்பினத்தவர் குடிமக்களே அல்ல என்று 1857-இல் அதன் உச்ச நீதிமன்றம் டிரெட் ஸ்காட் வழக்கில் சொன்னது. உள்நாட்டுப் போர் முடிந்து 1868-இல் வந்த 14-வது திருத்தம் அதைத் துடைத்து, அந்த மண்ணில் பிறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டவர் குடிமகன் என்றது. சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் 1898-இல் அதைச் சொல்லியே வென்றார். அங்கே பிறந்தவர்களுக்கு இந்தக் காப்பு. குடிபெயர்ந்து வந்தவர்களுக்கு அது கைகொடுக்கவில்லை. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் வெள்ளையர் அல்ல என்று தீர்ப்பானதும், வாங்கிய குடியுரிமைகள் பறிபோயின. பறிகொடுத்த வைஷ்ணோ தாஸ் பகாய் 1928-இல் கலிபோர்னியாவில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஜெர்மனி துரத்திய ஹன்னா ஆரெண்ட் பல ஆண்டுகள் நாடற்றவராக இருந்து 1951-இல் அமெரிக்கக் குடிமகளானார். உரிமைகள் இருப்பதற்கே முதலில் ஓர் உரிமை வேண்டியிருக்கிறது என்ற அவரது வாதம் அந்த அலைச்சலில் கனிந்தது. 2025 ஜனவரியில் டொனால்ட் டிரம்ப் பிறப்புக் குடியுரிமைக்கு வரம்பு போட ஆணையிட்டபோது, எழுதிவைத்த விடையும் தானாக நிற்காது என்பது தெரிந்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ரத்தம், மண், சம்மதம் மூன்றுமே பாதி விடைகள்தான் என்று தோன்றுகிறது. மிச்சப் பாதி தலைக்கட்டு வரி நோட்டில் இருக்கிறது. சண்டை போட்டாலும், எதிர்த்து ஓட்டுப் போட்டாலும், பட்டா கேட்டு மறியல் செய்தாலும் "நீ எந்த ஊர்?" என்ற கேள்வி எழாதவரே முழுக் குடிமகன். கோத்தகிரி சிலோன்காரருக்குக் காகிதம் முழுதாகக் கிடைத்தது, இந்தப் பாதி இன்னும் தவணையில்தான் வருகிறது.

காகிதமே கிடைக்காத உறவினர்களும் அவருக்கு உண்டு. ஒப்பந்தக் கணக்கில் கப்பலேறியவர் குடிமகன். அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்து, 1983 கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து படகேறியவர் அகதி. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கும் இந்திய வம்சாவளியினர் 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்துக்களுக்குக் கதவைத் திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. முகாமில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுபவரும் இந்துதான். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் 2022-இல் நீதிமன்றம் கடவுச்சீட்டு தரச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பே போதும் என்கிறது சட்டம். அந்தத் தேதிக்குப் பிறகு முகாமில் பிறந்தவர்கள் அகதிப் பதிவேட்டிலேயே இருக்கிறார்கள்.