பொய்யும் அதன் பங்காளரும்

உள்ளதனை இல்லதாகவும், இல்லதனை உள்ளதாகவும் பிறர்க்கு அறிவித்தல் பொய்யாம். அதனை உரைத்த நா ஒன்றேயாயினும், பழியும் அவ்வொருவனோடு ஒழியுமோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

விருதுநகர் மாவட்டத்து எம். புதுப்பட்டிச் சுற்றூர்களிற் பலர்க்குப் பட்டாசுத் தொழிலே வாழ்வு. 2023 அக்டோபர் 17 ஆம் நாள் அதனை அடுத்த ரெங்கபாளையத்து நேர்ந்த வெடி விபத்திற் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டமை அத்தொழிலின் இடர் எத்துணையதென்பதைக் காட்டும். ஆங்கு அன்று கலந்த மருந்தை அன்றே தீர்த்தல் வேண்டும். அலுமினியப் பொடி கலந்த மருந்தை இரவில் மீதம் வைப்பின், அஃது ஈரங்கொண்டு தானே வெப்பமுற்று வெடித்தலும் உண்டு. மாலையிற் போர்மேன், "மருந்து மீந்ததோ?" என வினவ, தொழிலாளி "இல்லை, ஐயா" என்றான் எனக் கொள்வாம். மீந்ததென்றாற் கூலி குறையுமென அவன் அஞ்சினான். அச்சொல் கேட்டவர் அறிவை மாற்றியதேயன்றி மருந்தின் இயல்பை மாற்றிற்றில்லை. மறுநாட் காலையிற் கதவு திறப்பவன் பிறனொருவன்.

குற்றமற்ற நன்மை பயக்குமாயிற் பொய்க்கும் ஓரிடம் உண்டெனத் திருவள்ளுவர் கொண்டாரன்றோ, வறியவன் வயிறு காத்த பொய் அத்தகையதன்றோ எனின், அன்று. ஒருவன் பெற்ற கூலிக்கு அறியாத மற்றொருவன் உயிரை விலையாகக் கொடுக்க நேரின், அந்நன்மை குற்றமுடைத்து.

இல்லத்தும் இஃதொக்கும். ஆலைக்குச் செல்லும் தாய், ஆங்குத் தான் கண்ட கேட்டை மக்கட்கு மறைத்தல் அன்பின் பாலதே. ஆயினும் அறிந்திருப்பின் அவர் அவளைத் தடுத்திருப்பர். பொய் அவர்தம் அச்சத்தை நீக்கியதோடு, அவளைக் காக்கும் வாய்ப்பினையும் உடன் நீக்கிற்று.

இனிப் பங்காளரை நோக்குவாம். வினை செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையான் வரும். மெய் கூறினாற் கூலியைக் குறைப்பவன் பொய்யைச் செய்விப்போன். அறிந்தும் வினவாது விடுபவன் உடன்படுவோன். 2012 செப்டம்பர் 5 ஆம் நாள் முதலிப்பட்டியில் நாற்பதின்மர் அளவினர் மாண்ட ஆலை, உரிமம் இடைநிறுத்தப்பட்டிருந்தும் இயங்கிற்று. 2018 இல் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புக்களை விலக்கிய பின்னும் அவை பயன்பட்டன என்றும், உறைமேற் குறித்தது உள்ளிருந்ததனோடு ஒவ்வவில்லை என்றும் 2021 இல் மத்தியப் புலனாய்வுத் துறையின் அறிக்கை அந்நீதிமன்றத்தின் முன் வந்தது. இவை கூலியாள் ஒருவன் நாவில் மட்டும் பிறந்த பொய்களல்ல.

புறவிருள் பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் மறைக்கும் என்பது சித்தாந்தத் துணிபு. அதனாலன்றோ பொய்யன் தன் பொய்யைச் சிறிதென்கின்றான். செய்விப்போனோ தனக்கு அதனொடு தொடர்பே இல்லையென்கின்றான்! பின்னவன் மறைப்பே பெரிது.

ஆகலின் பொய்யை ஒறுக்கப் புகுவோர், மெய்க்குத் தாம் வைத்த விலையை முதற்கண் ஆராய்க. "மருந்து மீந்தது" என்பானுக்கு அன்றைக் கூலி குறையாது கிடைக்குமாயின், அவன் பொய்த்தற்கு ஏதுவில்லை. அதன் பின்னும் பொய்ப்பானாயின் ஒறுத்தல் முறையே. இவ்விதி ஆலைக்கே உரியதன்று. கணக்கிற் குறைவு கண்டு வந்து உரைக்கும் ஏவலனை வெகுளாது கேட்கும் மடங்களும் இல்லங்களுமே வாய்மையை வளர்ப்பன. அன்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.