யார் மாற வேண்டும்?

புதுச்சேரியில் ஒரு பெண்ணுக்குத் தூக்கமும் பசியும் போய், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அழுகை வந்தால், மூன்று விளக்கங்களாவது கிடைக்கும். மாமியார் ‘காத்து கருப்பு’ என்பார். மருத்துவர் மூளையின் வேதிப்பொருள்களைச் சொல்வார். ஆலோசகர் சிந்தனைப் பழக்கம் என்பார். கல்லூரியில் உளவியல் கற்பிக்கும் நான், எந்த விளக்கத்திடமும் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: இதன்படி யார் மாற வேண்டும்?

நம்மை ஒட்டிய தென்னாற்காட்டில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்தவர் மானுடவியலாளர் இசபெல் நபோகோவ். அங்கே பேய் பிடித்தவர்கள் பெரும்பாலும் புதிதாகத் திருமணமான பெண்கள். பிடித்தவை அகால மரணமடைந்த இளைஞர்களின் ஆவிகள். ஆவியை விரட்டியதும் அவள் மீண்டும் மனைவியாகிறாள். மாறியவள் அவள் மட்டுமே.

அறிவியல் இதைத் தாண்டிவிட்டதா? மனச்சோர்வில் ஒருவர் தன்னையும் உலகையும் எதிர்காலத்தையும் இருட்டாகவே பார்க்கிறார் என்று 1960களில் விளக்கினார் ஆரோன் பெக். அந்த எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கப் பழக்கும் சிகிச்சை பலரைத் தேற்றியிருக்கிறது. ஆனால், தினமும் அடிவாங்குகிறவள் ‘நாளைக்கும் இப்படித்தான்’ என்று நினைத்தால் அது சிந்தனைப் பிழையா? சரியான கணிப்பு அல்லவா?

லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978இல் வேறு பதில் தந்தார்கள். மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாமை, வெளிவேலை இல்லாமை, வீட்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சிறுபிள்ளைகள், சிறுவயதில் தாயை இழந்திருத்தல்: இவை இருந்தால், பெரிய இழப்போ நெருக்கடியோ வரும்போது மனச்சோர்வுக்கான ஆபத்து கூடுகிறது. இவற்றில் எதையும் அவளுடைய எண்ணக் கோளாறு என்று சொல்ல முடியாது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ ஆணாதிக்கம் ஒழியற வரைக்கும் மாத்திரை போடக் கூடாதா மேடம்?”

நியாயமான கேள்வி. கூரை ஒழுகுகிறது என்பதற்காகக் காய்ச்சலுக்கு மருந்து தராமல் இருக்க முடியாது. மருந்து தந்தாயிற்று என்று கூரையை அப்படியே விடவும் முடியாது. வலி அவள் உடம்பில் இருக்கிறது. அதைத் தணிக்கும் எதையும் பெண்ணியத்தின் பெயரால் மறுப்பது இன்னொரு கொடுமை. ஆனால் வலி அவளிடம் இருப்பதாலேயே பொறுப்பும் முழுதாக அவளிடம் வந்துவிடாது.

எனவே, தோழியுடன் மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரையை வேளை தவறாமல் எடுக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் வீட்டிலிருப்பவர்களிடம் கேளுங்கள்: “அவள் மருந்து சாப்பிடுகிறாள். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?”