எழுத்தாணியும் திறவுகோலும்

தேவாரம் மீண்ட கதையைச் சைவ மரபு இப்படிச் சொல்கிறது. தேவாரம் பாடிய மூவரின் பதிகங்கள் எழுதிய ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தன. ராஜராஜ சோழன் நம்பியாண்டார் நம்பியோடு வந்து கேட்டபோது, பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள் அறையைக் காத்தவர்கள். மூவரும் மறைந்து பல காலம் ஆகியிருந்தது. அவர்களுடைய திருமேனிகளை எழுந்தருளச் செய்து மன்னன் கதவைத் திறப்பித்தான். உள்ளே பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது. மிஞ்சியதைத்தான் இன்று ஓதுகிறோம். இதில் வரலாறு எவ்வளவு, புராணம் எவ்வளவு என்பது வேறு விவாதம். பூட்டியவர்களுக்கு அந்த ஏடுகள்மீது பகை இல்லை, காக்கவே பூட்டியிருப்பார்கள். ஆனாலும் திறவுகோல் ஒரு கையில் மட்டும் இருந்ததால், காவலே இழப்புக்கு வழியாயிற்று. எழுதப்பட்ட சொல் யாருக்குச் சொந்தம்: எழுதியவருக்கா, அதைப் பூட்டி வைத்திருப்பவருக்கா, இனிமேல் படிக்க வரப்போகிறவருக்கா? கணினியில் ஒரு கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் நாம் இந்தக் கேள்விக்கு ஒரு விடை சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் யோசிக்காமலே சொல்கிறோம்.

கணினிக் கோப்பு என்பது வெறும் எண்களின் வரிசை. அந்த எண்களை எழுத்தாகவும் பத்தியாகவும் அட்டவணையாகவும் படிப்பதற்கான விதிதான் கோப்பு வடிவம். விதி முழுதும் வெளியிடப்பட்டு, யாரும் அனுமதி கேட்காமல் அதற்கேற்ற மென்பொருள் எழுதலாம் என்றால் அது திறந்த வடிவம். விதி ஒரு நிறுவனத்தின் கைக்குள் இருந்தால் அது மூடிய வடிவம். உலகெங்கும் அலுவலகங்கள் எழுதிக் குவித்த பழைய வேர்ட் கோப்புகளின் விதியை மைக்ரோசாஃப்ட் எல்லோருக்குமாக வெளியிட்டது 2008-இல்தான். அதுவரை மற்ற மென்பொருள் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆராய்ந்தும் ஊகித்தும்தான் அவற்றைத் திறந்தார்கள். 2007-இல் வந்த ஆஃபிஸ் 2003-இன் மூன்றாம் திருத்தத் தொகுப்பு, மிகப் பழைய சில வடிவங்களைத் திறக்காதபடி இயல்பு அமைப்பிலேயே தடுத்தது. சொன்ன காரணம் பாதுகாப்பு. அது பொய்யான காரணமும் அல்ல. ஆனால் அந்தக் கோப்புகளை எழுதியவர்களை யாரும் கேட்கவில்லை. தில்லை அறையின் நியாயமும் இதுவேதான்.

இங்கிலாந்தில் 1086-இல் தொகுத்த டூம்ஸ்டே நூல் இன்றும் ஆவணக் காப்பகத்தில் படிக்கும் நிலையில் இருக்கிறது. அதன் 900-ஆம் ஆண்டை ஒட்டி 1986-இல் பிபிசி ஒரு புதிய டூம்ஸ்டே தொகுப்பை உருவாக்கி லேசர் வட்டுகளில் பதிந்தது. ஏறத்தாழ பதினைந்தே ஆண்டுகளில் அதைப் படிக்கும் கருவிகள் அரிதாகி, ஆய்வாளர்கள் பெரும்பாடு பட்டு மீட்க வேண்டியதாயிற்று. தோல் தாள் வலுவானது, வட்டு நொய்ந்தது என்று மட்டும் இதைப் புரிந்துகொண்டால் போதாது. பனையோலையும் நொய்ந்ததுதான், சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. இருந்தும் சங்கப் பாடல்கள் நம்மிடம் வந்தன. ஏடு மட்குமுன் யாரோ ஒருவர் அதைப் புது ஓலையில் பெயர்த்தெழுதினார், அவருக்குப் பின் இன்னொருவர். எழுத்தறிந்த எவரும் அதைச் செய்ய முடிந்தது. எழுத்தாணி அடித்துக் கொடுத்த கொல்லனிடம் அதற்காக யாரும் போய் நிற்கவில்லை. அவனுக்குரிய கூலி எழுத்தாணியோடு முடிந்தது; அதைக்கொண்டு எழுதிய சொல்லின்மேல் அவனுக்கு உரிமை இருக்கவில்லை.

தமிழ் இந்தப் பாடத்தைக் கணினியிலும் ஒருமுறை படித்துவிட்டது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியாக்கத்தில் 1991-லேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் 1990-களிலும் அதன் பின்னும் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்தார்கள். ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கம், அது இல்லாத கணினியில் உருத்தெரியாத குறிகளாகவே வந்தது. தமிழ் நூல்களை மின்வடிவில் தொகுக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கியங்கள் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் உண்டு. அவை திஸ்கி என்னும் பொதுக் குறியாக்கத்தில் இருந்தன. அதன் அட்டவணை எல்லோர் கைக்கும் எட்டியதால் யூனிகோடுக்குப் பெயர்த்தெழுதுவது இயன்றது. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது.

உழைத்து உருவாக்கிய நிறுவனத்துக்குப் பலன் வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். மென்பொருளை அவர்கள் விற்கட்டும், நல்லதாக இருந்தால் வாங்குவோம். ஆனால் கருவிக்கு விலை கேட்பது வேறு, நான் எழுதியதை நானே படிப்பதற்கு ஆயுள் முழுதும் விலை கேட்பது வேறு. எல்லோரும் இதைத்தானே பயன்படுத்துகிறார்கள் என்பது அடுத்த வாதம். அந்த ‘எல்லோரில்’ விலை கொடுக்க முடியாத மாணவரும், அரசுக்கு விண்ணப்பம் எழுதும் ஏழையும் அடங்குவதில்லை. மூடிய வடிவத்தில் ஒரு கடிதம் அனுப்பும்போது, இன்ன கருவியை வாங்கிய பிறகு என்னிடம் பேசு என்று மறைமுகமாகச் சொல்கிறோம். அது அறமாகாது.

திறந்த வடிவங்களும் ஒருநாள் வழக்கொழியாதா? ஒழியும். ஆனால் விதி ஏட்டில் இருக்கும்வரை, நூறாண்டு கழித்தும் ஒருவர் அதைப் படித்துப் புதிய கருவி செய்துகொள்ள முடியும். இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு: மைக்ரோசாஃப்ட்டின் புதிய வடிவமும் 2008 முதல் ஐஎஸ்ஓ என்னும் உலகத் தர அமைப்பு ஏற்ற தரம்தானே? அது முன்னேற்றம்தான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் விதிநூல் ஆறாயிரம் பக்கங்களைத் தாண்டியது. பழைய மென்பொருள்களின் வழக்கங்களையும் சுமந்து நிற்பது. 2006-இல் ஐஎஸ்ஓ தரமான ஓடிஎஃப் வடிவத்தின் விதி ஏறத்தாழ எழுநூறு பக்கங்களில் அடங்கியது. பலர் கூடி வகுத்த அந்த வடிவத்தை லிப்ரே ஆஃபிஸ் போன்ற இலவச மென்பொருள் தன் இயல்பு வடிவமாகவே கொண்டிருக்கிறது. பிரிட்டன் அரசு 2014-இல் திருத்தத்தக்க ஆவணங்களுக்கு ஓடிஎஃப்பைத் தேர்ந்தது. இந்திய அரசும் 2010-இல் மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையை வெளியிட்டது.

எழுதுகிறவர் தம் சொல்லுக்கு உடைமையாளர் மட்டுமல்லர், அறங்காவலரும்கூட. முன்னோர் பெயர்த்தெழுதித் தந்ததைப் பெற்றோம். பின்வருவோர் பெயர்த்தெழுதும்படி விட்டுச் செல்வது நம் கடன். ஆகவே, இனி எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள், ஓடிஎஃப்பில் சேமியுங்கள். முடிந்த நூலை, நெடுநாள் காப்புக்கென்றே வகுத்த பிடிஎஃப்-ஏ வடிவிலும் ஒரு படி வையுங்கள். பழைய கோப்புகளைத் திறக்கும் மென்பொருள் இன்னும் உங்களிடம் இருக்கிறதென்றால், இந்த வாரமே அவற்றைப் பெயர்த்துவிடுங்கள். செல் அரிப்பதற்குமுன் கதவைத் திறப்போம்.