நெல் எது, பதர் எது?

முப்பத்தாறு பாடல்கள் கொண்ட ஓர் இசைத்தொகுதியைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வாதம் நடந்து வருகின்றது. லண்டன் நகரத்துப் பங்க் றொக் குழுவாகிய ‘தி கிளாஷ்’ 1980ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளியிட்ட ‘சன்டினிஸ்டா!’ என்பதே அத்தொகுதி. மூன்று இசைத்தட்டுகள், ஆறு பக்கங்கள், பக்கத்துக்கு ஆறு பாடல்கள். இதை நேசிப்போர் ஒன்றுகூடினால் தவறாது எழும் கேள்வி ஒன்றுண்டு. முப்பத்தாறில் உண்மையாகவே சிறந்தவை எவை? பன்னிரண்டை மட்டும் தெரிந்து ஒரே தட்டில் வெளியிட்டிருந்தால் இதுவே அக்குழுவின் தலைசிறந்த படைப்பாகியிருக்கும் அல்லவா? ஒவ்வொருவரும் தத்தம் பன்னிரண்டைக் கூறுவர். பிறகு வாதம் விடியும்வரை நீளும்.

இசைப்பித்தரின் பொழுதுபோக்கென இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. நாமோ இதனுள் ஓர் அறக்கேள்வி இருப்பதாகக் கருதுகின்றோம். நிறைந்து கிடப்பதிலிருந்து சிலவற்றை ‘நல்லவை’ எனத் தெரிந்து ஏனையவற்றைத் தள்ளும்போது நாம் எதை அளக்கின்றோம்? பொருளையா, அன்றி நம்மையே நாமா?

முதலில் வரலாற்றைச் சுருங்க நோக்குவோம். 1976இல் தோன்றிய இக்குழுவினர், வேலையற்ற இளைஞரின் சினத்தைக் குறுகிய, வேகமான பாடல்களில் வெளியிட்டுப் புகழ் பெற்றனர். 1979இன் இறுதியில் வந்த ‘லண்டன் கோலிங்’ இரண்டு தட்டுகளில் பத்தொன்பது பாடல்களைக் கொண்டிருந்தது. அடுத்த ஆண்டிலேயே நியூயோர்க், ஜமெய்க்காவின் கிங்ஸ்ரன், லண்டன் ஆகிய நகரங்களில் ஒலிப்பதிவு செய்து மூன்று தட்டுகளை நிரப்பினர். 1979 ஜூலையில் நிக்கரகுவாவின் சொமோசா ஆட்சியை வீழ்த்திய சன்டினிஸ்டா விடுதலை முன்னணியின் பெயரைத் தொகுதிக்கு இட்டனர். தட்டின் பட்டியல் இலக்கத்திலும் அம்முன்னணியின் பெயரெழுத்துக்களையே பொறித்தனர். மூன்று தட்டுகளை மலிவான விலைக்கு விற்கவேண்டுமென வற்புறுத்தி, அதற்கு ஈடாகப் பிரித்தானியாவில் விற்கும் முதல் 200,000 பிரதிகளுக்குரிய தமது உரிமைப்பங்கைக் கைவிட்டனர். குழுவினர் தாமே இயற்றிய பாடல்கள் பெரும்பாலும் தனியொருவர் பெயரிலன்றிக் குழுவின் பொதுப் பெயரிலேயே வெளிவந்தன.

வரவேற்போ இருவகைப்பட்டது. பிரித்தானிய விமர்சகர் பலர் இதனைக் கட்டுப்பாடற்ற வீண்பெருக்கம் எனக் கடிந்தனர். நியூயோர்க்கின் ‘வில்லேஜ் வொய்ஸ்’ ஏடு 1981ஆம் ஆண்டுக்கென நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பிலோ இதுவே முதலிடம் பெற்றது. ஒரே பொருள் ஒரு கரையில் பதராகவும் மறு கரையில் நெல்லாகவும் தோன்றிற்று.

தொகுதியைக் குறுக்கவேண்டும் என்போரின் வாதத்தை நாம் நேர்மையுடன் எடுத்துரைத்தல் வேண்டும். கலைஞனின் கடமைகளுள் தெரிவும் ஒன்று என்பர் அவர்கள். பகல் முழுவதும் உழைத்துக் களைத்து வரும் ஒருவனிடம் இரண்டரை மணி நேர ஒலிப்பதிவைக் கொடுத்து, ‘நல்லதை நீயே தேடிக்கொள்’ என்பது அவன் நேரத்தை அவமதிப்பதாகும். மலிவு விலை பணத்தை மிச்சப்படுத்தலாம்; வாழ்நாளை மிச்சப்படுத்துமா? மேலும், ஒரு விடுதலை இயக்கத்தின் பெயரைத் தாங்கி வருவதனால் மட்டும் மோசமான பாடல் நல்ல பாடலாகிவிடாது.

இறுதியாகக் கூறிய கருத்தை நாம் முழுமனத்துடன் ஏற்கின்றோம். முற்போக்கு முகாமில் நிற்கும் நாம் அடிக்கடி செய்யும் தவறு இதுவே. கொள்கை சரியாயின் கவிதையும் சரி என்று தலையசைத்துவிடுகின்றோம். நல்ல நோக்கத்தைக் காட்டிக் கைவினைக் குறையை மறைப்பவன் மக்களை மதிப்பவனல்லன். மக்களுக்கு இது போதும் என்று எண்ணுபவன் அவன்.

ஆயினும் ‘பன்னிரண்டை எடு, மற்றதைத் தூற்றிவிடு’ என்பது எளிதில் நடக்கும் காரியமன்று. சுளகில் இட்டுப் புடைக்கும்போது நெல் எது, பதர் எது என்பதில் களத்தில் நிற்கும் எவருக்கும் ஐயமில்லை. இங்கோ நூறு பேர் புடைத்தால் நூறு குவியல்கள் எழுகின்றன. ஆகவே எல்லாம் அவரவர் சுவை என முடித்துவிடலாமா? அதுவும் பொருந்தாது. குவியல்கள் வேறுபட்டாலும் சில பாடல்கள் பெரும்பாலானவற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. தொழிலாளி ஒருவனின் ஒரு நாளைக் காலைமணி அடிப்பதிலிருந்து சொல்லும் ‘தி மக்னிஃபிசன்ட் செவன்’, சாதாரண மனிதனொருவன் கொலையுண்டதைப் பேசும் ‘சம்படி கொட் மேர்டர்ட்’, கட்டாய இராணுவ சேவையை மறுக்கும் ‘தி கோல் அப்’, கயானாவிற் பிறந்த எடி கிரான்ட் தமது ‘ஈக்வல்ஸ்’ குழுவுக்காக எழுதிய ‘பொலிஸ் ஒன் மை பக்’ முதலியன அத்தகையன. முன்பின் அறியாத மனிதர் பலர் ஒரே பாடலின்மீது கைவைக்கின்றனர் எனின், அப்பாடலில் ஏதோ உண்மையாக உண்டு. சுவை வெறும் தனிமனித விபத்தன்று.

அப்படியாயின் ஒருமித்துத் தள்ளப்படுபவையும் உண்மையிலேயே பதர்தாமா? இங்குதான் நாம் சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். பெரும்பாலோர் முதலில் வெட்டுவது ஆறாம் பக்கத்தை. அங்கே முன்னர் வந்த பாடல்களே ‘டப்’ முறையில் உருமாறி மீள்கின்றன. ‘ஜங்கோ பார்ட்னர்’ என்பது ‘வேர்ஷன் பார்ட்னர்’ ஆகின்றது. ‘வொஷிங்டன் புல்லட்ஸ்’ பாடலின் இசை, கணினிகள் பேசுவதுபோன்ற குரல்களுடன் ‘சிலிக்கோன் ஒன் சஃபயர்’ ஆகின்றது. ‘ஒரே பாட்டை இருமுறை விற்கிறார்கள், இது இடம் நிரப்பல்’ என்பது வழக்கமான தீர்ப்பு.

கிங்ஸ்ரன் நகரத்தில் இதற்கு வேறு வரலாறு உண்டு. 1960களின் இறுதி தொட்டு, அங்கே இசைத்தட்டின் முதற்பக்கத்தில் பாடலும் மறுபக்கத்தில் அதன் ‘வேர்ஷன்’ எனப்படும் மாற்றுருவும் வந்தன. கிங் டபி போன்ற ஒலிப்பொறியாளர் பாடகனின் குரலை நீக்கி, முரசையும் அடித்தந்தியையும் முன்னிறுத்தி, எதிரொலிகளைப் புகுத்திப் புதிய படைப்பையே ஆக்கினர். தெருவோர ஒலிபெருக்கிகளின் முன் ஆடிய மக்களுக்கு மறுபக்கம் எச்சமன்று. அதுவே சில வேளைகளில் முதன்மையானது. ‘சன்டினிஸ்டா!’வில் இவ்வேலையில் முன்னின்றவர் ஜமெய்க்க வானொலியாளரும் தயாரிப்பாளருமான மைக்கி டிரெட். அவருடைய பங்கை ‘நிரப்பல்’ என்று கழிப்பவன் பாடலை அளக்கவில்லை. தான் வளர்ந்த இசைமரபின் முழக்கோலை எடுத்து வேறொரு மரபின் உழைப்பை அளக்கின்றான். இதனால் டப் உருவங்கள் யாவும் சிறந்தவை என்பது நம் கருத்தன்று. அவற்றுள்ளும் தரவேறுபாடு உண்டு. அம்மரபின் அளவுகோலால் அளந்த பின்னர் தள்ளுபவனுக்குத் தள்ளும் உரிமை உண்டு என்பதே நாம் கூறுவது.

இரண்டாவது செய்தி உழைப்பின் இயல்பைப் பற்றியது. எல்லாரும் போற்றும் ‘தி மக்னிஃபிசன்ட் செவன்’ எங்ஙனம் பிறந்தது? 1980இன் வசந்தகாலத்தில் நியூயோர்க் தெருக்களில் புதிதாக முழங்கிய றப் இசையைக் கேட்ட குழுவினர், தமக்குப் பழக்கமற்ற அதனைச் செய்துபார்க்கத் துணிந்தனர். குழுவின் போல் சிமனன் அப்பொழுது திரைப்படமொன்றில் நடிக்கச் சென்றிருந்தமையால், பாடலைத் தாங்கும் அடித்தந்தி இசையை வாசித்தவர் வேறு குழுவைச் சேர்ந்த நோர்மன் வாட்-ரோய். தெரியாத துறையில் இறங்கும் இதே துணிவுதான் ‘சம்திங் அபௌட் இங்லன்ட்’ பாடலின் ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டு ‘மென்ஸ்ஃபோர்த் ஹில்’ என்று பெயரிடவும் செய்தது. முன்னதைப் புகழ்வோர் பின்னதைக் கண்டு நகைக்கின்றனர். இரண்டும் ஒரே துணிவின் பிள்ளைகள். பிழைபட வாய்ப்பில்லாத இடத்தில் புதுமைக்கும் வாய்ப்பில்லை.

‘பிழைபட உரிமை உண்டு, பிழையை அச்சிட்டு விற்க உரிமை உண்டா?’ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தச்சன் நாற்காலியுடன் மரச்சீவல்களையும் சேர்த்துக் கட்டி அனுப்புவதில்லை. ஆனால் நாற்காலியின் பயன் முன்னரே தெரிந்தது. அதற்கு வேண்டாதது சீவல். பாடலின் பயனோ அதைக் கேட்பவனிடத்திலேயே முழுமை பெறுகின்றது. எது சீவல் என்பதைச் சந்தை முன்கூட்டியே தீர்மானிக்கும் முறைக்கு நாம் பழகிவிட்டோம். எது விற்குமோ அதுவே நெல் என்பது கம்பனியின் கணக்கு. இக்குழுவினர் தம் வருமானத்தில் ஒரு பகுதியை இழந்து, புடைக்கும் வேலையைக் கேட்போரின் கையில் கொடுத்தனர். இதில் தற்பெருமையும் சோம்பலும் சிறிதும் கலந்திருக்கவில்லை என்று நாம் வாதிடவில்லை. கலந்திருந்தாலும் தெரியும் உரிமை இடம் மாறியது உண்மை. உரிமை வந்தால் அதனோடு பொறுப்பும் வரும். நூறு குவியல்கள் எழுவதும் வாதம் நீள்வதும் அப்பொறுப்பின் வடிவங்களே.

இனி நம்மைப் போன்றோரை நேரே தொடும் ஓர் உதாரணத்துக்கு வருவோம். இடதுசாரிகளின் பட்டியலில் ‘வொஷிங்டன் புல்லட்ஸ்’ தவறாமல் இடம்பெறும். சிலியில் 1973 செப்டெம்பரில் படையினராற் கொல்லப்பட்ட பாடகர் விக்டர் ஹாராவை அது நினைவுகூர்கின்றது; கியூபாவையும் நிக்கரகுவாவையும் பேசுகின்றது. நமது கருத்தைச் சொல்வதால் அதை நாம் விரும்புகின்றோம். ஆனால் அப்பாடல் அத்துடன் நிற்கவில்லை. ஆப்கானிஸ்தானில் பாய்ந்த மொஸ்கோவின் குண்டுகளையும், சீனாவின் கீழ்த் திபெத்தியத் துறவிகள் பட்ட துன்பத்தையும், பிரித்தானியக் கூலிப்படையினரையும் அது ஒரே மூச்சில் கேள்விக்குள்ளாக்குகின்றது. அப்பகுதி வரும்போது நம்மிற் சிலர் காதைத் தாழ்த்திக்கொள்வதுண்டு. பாடலை நேசிக்கின்றோமா, பாடலில் தெரியும் நம் முகத்தை நேசிக்கின்றோமா என்பது அக்கணத்தில் வெளிப்படும்.

தொகுதியின் பெயருக்கு நேர்ந்ததும் இத்துடன் எண்ணத்தக்கது. 1974இல் டானியல் ஒர்த்தேகா முதலானோரைச் சிறையிலிருந்து மீட்க நடந்த துணிகரத் தாக்குதலிற் பங்குகொண்டவர் ஹியூகோ தொரஸ். 1990இல் தேர்தலில் தோற்று 2007இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த ஒர்த்தேகாவின் அரசாங்கத்திலே, 2018இல் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபோது 300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021இல் கைதான தொரஸ் 2022இல் அவ்வரசின் காவலிலேயே இறந்தார். அப்பெயரைத் தாங்கிய இசையை இனி என் செய்வது? பெயர் மாசுபட்டதால் பாட்டையும் எறிந்துவிடலாம் என்பார் ஒரு சாரார். நாம் அவ்வாறு கருதவில்லை. வென்றவரின் கொடியில் மட்டும் தன் மதிப்பை வைத்த பாடல் கொடியுடன் வீழும். கொல்லப்பட்டவனுக்காக அழுத பாடல், கொன்றவன் எக்கொடி பிடித்தாலும் அழும். அதனாலேயே ‘வொஷிங்டன் புல்லட்ஸ்’ இன்றும் நிற்கின்றது. நாம் காதைத் தாழ்த்திக்கொண்ட அப்பகுதியே அதைக் காத்தது.

ஆகவே சிறந்ததைத் தெரியும் வாதம் வேண்டாமென நாம் கூறமாட்டோம். தெரிவின்றி விமர்சனமில்லை, எல்லாவற்றையும் சமமாகப் புகழ்பவன் எதையும் கேளாதவன். ஆனால் பட்டியலிடுதல் ஒன்று. நியாயம் கூறுதல் வேறொன்று. ஒன்று, இரண்டு, மூன்று என இலக்கமிட்டு எஞ்சியோரை மறந்துவிடும் பழக்கத்தை நாம் பரீட்சை மண்டபத்திலும் சந்தையிலும் கற்றோம். ஆசிரியராயும் மாணவராயும் உள்ள வாசகருக்கு அப்பழக்கத்தின் கொடுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. நல்ல வாதம் இலக்கத்துடன் முடிவதில்லை. ‘நீ தள்ளியதில் நான் கேட்டது இது’ என்று ஒருவன் சொல்ல, மற்றவன் திரும்பிச் சென்று மீண்டும் கேட்கிறான். அவ்வாறு அவனைத் திரும்பச் செய்யும்போதே வாதம் பயன்படுகின்றது.

நமக்கும் அவ்வாறு நேர்ந்தது. இழிந்த வேலைகளைத் தவிர வேறொன்றும் வாய்க்காத இளைஞரின் கோபமாக 1977இல் வெளிவந்த பாடல் ‘கரியர் ஒப்பர்ச்சூனிற்றீஸ்’. ஆறாம் பக்கத்தின் இறுதிக்கு முன்னதாக அதே பாடலைச் சிறுவர் பாடுகின்றனர். வேடிக்கை என்று பல ஆண்டுகள் அதைத் தாண்டிச் சென்றோம். நமது பன்னிரண்டில் அது ஒருபோதும் இடம்பெற்றதில்லை. நண்பரொருவரின் வற்புறுத்தலால் ஒருநாள் இருந்து கேட்டோம். இளைஞர் பாடியபோது அது வேலை தேடி அலைந்தவரின் சினமாக இருந்தது. வேலை இன்னதென்றே அறியாத குழந்தைகள் உற்சாகத்துடன் பாடும்போது, அவர்களுக்கென இவ்வுலகம் எடுத்துவைத்திருப்பது இவ்வளவுதானா என்ற கேள்வி நம்மிடத்தே எழுகின்றது. முதற்பாடலால் எழுப்ப முடியாத கேள்வி அது.

அது முப்பத்தாறில் சிறந்த பாடல் என்று நாம் வாதிடப்போவதில்லை. இப்பொழுதும் நமது பன்னிரண்டில் அதற்கு இடம் கிடைக்குமோ அறியோம். ஆனால் பதர் என்று அதைத் தூற்றிய கை நம்முடையது என்பதை மறவாதிருக்கின்றோம்.