ஈகையோ, கடனோ? அங்கவீனமுற்ற படைவீரனின் ஓய்வூதியம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் தரைப்படையில் ஒரே தரத்தில் இருபது ஆண்டுகள் பணிபுரிந்து, ஒரே நாளில் இளைப்பாறிய இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவன் உடல் நலத்தோடு வீடு திரும்புகின்றான். மற்றவன் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்து திரும்புகின்றான். அக்கால் எவ்வாறு போயிற்று என்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம். முதலாமவனுக்கு மாதந்தோறும் 2,000 டொலர் ஓய்வூதியம் என வைத்துக்கொண்டால், 2003ஆம் ஆண்டு வரை இரண்டாமவன் கைக்கு வந்த தொகையும் அதே 2,000 டொலர்தான். இழந்த காலுக்கென 500 டொலர் அங்கவீனக் கொடுப்பனவு விதிக்கப்பட்டால், அவனுடைய ஓய்வூதியத்திலிருந்து அதே 500 டொலர் கழிக்கப்பட்டது. கொடுப்பனவுக்கு வருமான வரி இல்லை என்பதொன்றே அவன் கண்ட நயம். நுணுகி நோக்கின், அரசு அவனது காலுக்குக் கொடுத்த விலை அவ்வரிவிலக்கு மாத்திரமே.

இவ்விதி நேற்றுத் தோன்றியதன்று. படைச் சம்பளமோ ஓய்வூதியமோ பெறும் ஒருவர் அங்கவீனத்துக்கான கொடையையும் சேர்த்துப் பெறலாகாது என 1891இல் காங்கிரஸ் சட்டம் இயற்றிற்று. அக்காலச் சூழலை நோக்குமிடத்து அதன் காரணம் ஓரளவு விளங்கும். உள்நாட்டு யுத்தம் முடிந்து கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. 1890ஆம் ஆண்டுச் சட்டமோ, போர்க்களத்தில் காயமுறாத முன்னாள் வீரரும் உழைக்க இயலாமையைக் காட்டி ஓய்வூதியம் பெறலாம் எனக் கதவைத் திறந்துவிட்டது. அப்பத்தாண்டின் முற்பகுதியில் மத்திய அரசின் செலவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இவ்வகை ஓய்வூதியங்களுக்கே சென்றது. திறைசேரியின் அச்சத்தினின்று பிறந்த விதி, காலப்போக்கில் நீதியின் குரலில் பேசக் கற்றுக்கொண்டது. 1944இல் ஒரு தளர்வு ஏற்பட்டது. ஒருவர் தமது ஓய்வூதியத்தில் உரிய தொகையைத் ‘துறந்தால்’ அதே அளவு அங்கவீனக் கொடுப்பனவைப் பெறலாம் என்றாயிற்று. ஒரு கையால் துறந்ததை மறு கையால் பெறும் இத்துறவு நமது சமயநூலார் எவரும் அறியாத புதுவகைத் துறவாகும்.

இவ்விதிக்குச் சார்பாகக் கூறப்படும் நியாயத்தை அதன் வலிமையான வடிவிலேயே எடுத்துக்கொள்ளல் முறை. ஓர் அரசு, ஒரு மனிதன், ஒரே சேவைக்காலம். அதன் பேரில் இரு கொடுப்பனவுகள் எதற்கு? ஓய்வூதியம் அவன் வாழ்வதற்காக. அங்கவீனக் கொடுப்பனவும் அவன் வாழ்வதற்காகவே. ஒரு பசிக்கு இரு முறை உணவிடுவது வரி செலுத்துவோரின் பணத்தை வீணாக்குவதாகாதா? காங்கிரசின் வரவுசெலவு அலுவலகம் செலவுக் குறைப்பு வழிகளைப் பட்டியலிடுமிடத்து இவ்விரட்டைப் பேற்றை மீண்டும் நீக்குவதையும் அவற்றுள் ஒன்றாகக் கூறியுள்ளது. ஆகவே இது கல்நெஞ்சரின் வாதம் எனத் தள்ளிவிடத்தக்கதன்று. இதன் வலிமை முழுவதும் ஒரு சொல்லில் தங்கியுள்ளது. அது ‘தேவை’ என்பது.

தேவையை அளவாகக் கொண்டால் முடிவு எவ்வாறமையும் என்பதைப் பண்டைய அதென்சு நன்கு காட்டுகின்றது. போரில் உறுப்பிழந்தோரை அரசு பேணல் வேண்டும் என்ற விதியைப் பிசிசுத்திராத்தசுவின் காலத்ததாகப் புளூட்டாக் குறிப்பிடுகின்றார். பின்னர் அது உழைக்கவியலாத வறியோர் அனைவர்க்குமான உதவியாக விரிந்தது. மூன்று மினாவுக்குக் குறைந்த சொத்துடைய வலதுகுறைந்தோருக்கு, ஆட்சிமன்றம் பரிசோதித்தபின், நாளொன்றுக்கு இரண்டு ஒபல் வழங்கப்பட்டதாக அதெனியரின் அரசியலமைப்புப் பற்றிய அரிஸ்ரோட்டிலின் நூல் கூறும். லிசியாஸ் எழுதிக்கொடுத்த உரையொன்று அத்தகைய ஊனமுற்றோன் ஒருவனுக்கானது. அவன் ஒரு தொழில் செய்கின்றான், குதிரையில் ஏறிச் செல்கின்றான், ஆதலின் அவனுக்கு இவ்வொரு ஒபல் எதற்கு என்பது வழக்கு. கோவேறு கழுதை வாங்க வசதியிருந்தால் பிறர் குதிரையை இரவல் கேட்பானேன் என அவன் விடையிறுக்கின்றான். விடையில் நகைச்சுவை உண்டு. ஆயினும் வழக்காடுவோர் இருவரும் ஒரே நிலத்தில் நிற்பது கவனிக்கத்தக்கது. அவனிடம் வேறு வழியுண்டா, இல்லையா என்பதே இருவருக்கும் வினா. ஈகையின் இயல்பு அதுவே. இரப்போன் கலத்தில் ஏற்கெனவே சோறு இருக்குமாயின் ஈவோன் கையை மடக்கிக்கொள்ளலாம், அதில் அநீதியில்லை.

கடனின் இயல்பு வேறு. கடன்பட்டவன், தனக்குக் கடன் கொடுத்தோனின் பெட்டியில் எவ்வளவு பணம் உண்டு எனக் கேட்பதில்லை. கேட்பானாயின் ஊரார் நகைப்பர். எனவே கழித்தல் நீதியா என்ற வினா, கொடுக்கப்படுவது ஈகையா கடனா என்ற வினாவிலேயே தங்கியுள்ளது.

அரிஸ்ரோட்டில் தமது ஒழுக்கவியலின் ஐந்தாம் நூலிலே பங்கீட்டு நீதியையும் ஈடுசெய் நீதியையும் வேறுபடுத்துகின்றார். முன்னையது தகுதிக்கேற்பப் பகிர்வது. பின்னையது ஒருவனுக்கு நேர்ந்த இழப்பைச் சரிசெய்து, குலைந்த சமநிலையை மீட்பது. படை ஓய்வூதியம் முதலாவதன்பாற்படும். பழைய முறைப்படி சேவையாண்டு ஒவ்வொன்றுக்கும் அடிப்படைச் சம்பளத்தின் இரண்டரை வீதம். இருபது ஆண்டுக்கு ஐம்பது வீதம். இது கழிந்த உழைப்பை எண்ணி அளக்கின்றது. அங்கவீனக் கொடுப்பனவோ சேவையாண்டை எண்ணுவதேயில்லை. காயம் குடியியல் தொழில்களில் ஒருவனது உழைக்கும் ஆற்றலைச் சராசரியாக எவ்வளவு குறைக்கும் என்பதே சட்டம் வகுத்த அளவுகோல். ஒன்று பின்னோக்கி அளக்கின்றது. மற்றது முன்னோக்கி அளக்கின்றது. இரண்டும் ஒரே மனிதனின் கையில் வந்து சேர்வதனால் மாத்திரம் அவை ஒன்றாகிவிடா.

ஓய்வூதியம் ‘பின்போடப்பட்ட சம்பளம்’ என்பது முற்றிலும் சரியன்று என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ளல் வேண்டும். 2018இல் புதிய கலப்பு முறை வரும்வரை, பத்தொன்பது ஆண்டுகளில் விலகியவனுக்குப் பொதுவாக ஓய்வூதியம் எதுவுமில்லை. சம்பளமாயின் அந்தப் பத்தொன்பது ஆண்டுகளின் பங்கு எங்கே போயிற்று? ஆதலின் அது சம்பளம் பாதி, ஆளை நிறுத்திவைக்கும் வாக்குறுதி பாதி எனக் கொள்வதே பொருந்தும். ஆயினும் நிபந்தனை நிறைவேறியபின் வாக்குறுதியும் கடனே.

ஈடுசெய் நீதி என்றால் தீங்கிழைத்தவன் யார் என வினவப்படலாம். எதிரியின் குண்டுக்கு அரசு எவ்வாறு பொறுப்பாகும்? இவ்விடத்திலேதான் 1950ஆம் ஆண்டின் வேறொரு தீர்ப்பு உதவிக்கு வருகின்றது. சேவையின் நிமித்தம் ஏற்பட்ட காயத்துக்காகப் படைவீரன் அரசின் கவனயீனத்தைக் காட்டி நட்டஈடு கோரி வழக்கிடலாகாது என, ஃபெரஸ் வழக்கிலே அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, காயமுற்ற வீரர்க்குச் சட்டம் ஏற்கெனவே ஈடு வழங்குகின்றது என்பது. அதாவது, சாதாரணக் குடிமகனுக்குள்ள நீதிமன்ற வாயில் படைவீரனுக்கு அடைக்கப்பட்டது. அங்கவீனக் கொடுப்பனவு உண்டு என்பது அடைப்புக்கு நியாயமாகக் காட்டப்பட்டது. அவ்வாறாயின் அக்கொடுப்பனவு கருணையன்று. பறிக்கப்பட்ட உரிமையொன்றின் மாற்றுப்பொருள்.

மாற்றுப்பொருளை நட்டஈட்டுச் சட்டத்தின் அளவுகோலாலேயே அளந்து பார்க்கலாம். வீதி விபத்தில் காயமுற்று வேலையிழந்த பொலிஸ்காரர் ஒருவரின் வழக்கில், சம்பள இழப்புக்கான நட்டஈட்டிலிருந்து அவருடைய அங்கவீன ஓய்வூதியத்தைக் கழிக்கலாகாது என 1969இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்தது. பரி எதிர் கிளீவர் எனச் சட்ட மாணவர் அறிவர். ஓய்வூதியம் அவர் உழைத்துத் தேடியது; தீங்கிழைத்தவன் அதன் நிழலில் ஒதுங்கலாகாது. அங்கு தீங்கிழைத்தவன் வேற்றாள் அல்லவா என்ற ஆட்சேபம் எழும். 1991இல் தீயணைப்புப் படைவீரர் ஒருவரின் வழக்கிலே தீங்குக்குப் பொறுப்பாளியும், ஓய்வூதியம் கொடுப்பவரும் அதே வேலைகொள்வோரே. அங்கும் முடிவு மாறவில்லை. தனியார் ஒருவர் செய்தால் சட்டம் பொறாத கழிவைத் தன் கருவூலத்திற்கு மட்டும் அனுமதித்துக்கொள்ளும் அரசு, தன்னை எந்த அறத்தின் கீழ் வைக்கின்றது?

இவ்வினா அமெரிக்காவில் நீண்டகாலம் எழுப்பப்பட்டபின் விடை அரைகுறையாகவே வந்தது. போர்சார்ந்த காயங்களுக்கான சிறப்பு ஈடு 2003 யூனில் தொடங்கிற்று. 2004 ஜனவரியில் இருபது ஆண்டு சேவையும் ஐம்பது வீதத்துக்குக் குறையாத அங்கவீனமும் உடையோர் இரண்டையும் பெறத் தொடங்கினர். கழிவு பெரும்பாலோர்க்குப் பத்தாண்டுப் படிகளில் நீக்கப்பட்டது. ஐம்பது வீதம் என்ற இக்கோடு எந்த நீதியினின்று பிறந்தது? கட்டுரையின் தொடக்கத்தில் கண்டவனிடம் திரும்புவோம். மதிப்பீட்டு அட்டவணைப்படி முழங்காலுக்குக் கீழே, செயற்கைக்கால் பொருத்தத்தக்கவாறு காலிழப்பது நாற்பது வீதம். தொடையில் இழப்பது அறுபது வீதமோ அதனின் மேலோ. அவன் காலை இழந்தது களத்திலன்றிச் சாதாரண வீதி விபத்தொன்றில் என்றும், வேறு ஊனம் இல்லை என்றும் கொண்டால், இன்றும் அவனது ஓய்வூதியம் கழிக்கப்படுகின்றது. அதே விபத்தில் சில அங்குலம் மேலே சிதைந்திருப்பின் கழிக்கப்படாது. சிறிய காயத்துக்குச் சிறிய ஈடு என்பது விளங்கும். சிறிய காயமென்பதால் அதன் ஈட்டைத் தன் ஓய்வூதியத்திலிருந்தே தானே கட்டிக்கொள் என்பது விளங்கவில்லை. வீதம் கடனின் அளவைக் காட்டலாம். கடன் உண்டா இல்லையா என்பதை அது தீர்மானிக்க முடியாது.

மிகக் கடினமான வழக்கு இருபது ஆண்டு நிரம்புமுன் காயத்தால் ஓய்வுபெறச் செய்யப்பட்டவருடையது. பன்னிரண்டாம் ஆண்டில் குண்டுவெடிப்பில் சிதைந்தவன் மேலும் எட்டாண்டு பணிபுரிய விரும்பியிருந்தாலும் இயலாது. 2004இன் சலுகை அவனுக்கில்லை. போர்சார்ந்த சிறப்பு ஈடு 2008 முதல் இத்தகையோர்க்கு விரிக்கப்பட்டபோதும் அதன் கணக்குமுறை பலருக்குக் கழிவை முற்றாக நீக்கவில்லை. இதனால் பாதிக்கப்பட்ட போர்க்காயத்தினர் 50,000க்கு மேற்பட்டோர் எனக் கூறப்படுகின்றது. 2021இல் புற்றுநோயால் மறைந்த மேஜர் ரிச்சர்ட் ஸ்டாரின் பெயர்தாங்கிய சட்டமூலம், இரு கட்சியினரின் ஆதரவோடு மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டும் 2024 முடிவுவரை சட்டமாகவில்லை. இங்கே இரட்டைப் பேறு என்ற ஆட்சேபத்துக்குச் சிறிது உண்மை உண்டு. ஏனெனில் இவனது ஓய்வூதியமே ஓரளவு அங்கவீன வீதத்தால் கணிக்கப்படலாம். அப்பகுதி காயத்துக்கு இருமுறை விடைகூறுவதாகும். அப்பகுதியைக் கழிப்பதை மறுக்க இயலாது. ஆனால் பன்னிரண்டு ஆண்டை இரண்டரையால் பெருக்க வரும் முப்பது வீதம் அவன் உழைத்தது. அதில் கைவைக்க எவர்க்கும் உரிமையில்லை. இருபது ஆண்டு என்ற நிபந்தனையை முறித்தவன் அவனல்லன்.

நமது மரபு செஞ்சோற்றுக் கடனைப் போற்றிற்று. உண்ட சோற்றுக்காக வீரன் அரசனுக்குப் பட்ட கடன் அது. உயிரைக் கொடுத்துத் தீர்ப்பது. கர்ணனும் கும்பகர்ணனும் தம் தலைவர் பக்கம் அறமில்லை என்றறிந்தும் அக்கடனைத் தீர்த்தனர். அம்மரபிலும் மறுபக்கக் கடன் அறவே மறக்கப்படவில்லை. களத்தில் வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என நிலம் விடப்பட்டதைச் சாசனங்கள் பேசும். ஆயினும் இறந்தவனுக்கு நடுகல் உண்டு, காவியம் உண்டு. உறுப்பிழந்து நாற்பது ஆண்டு உயிர்வாழ்பவன் பாட்டுக்கு வசதியான பொருளல்லன். அவன் மாதந்தோறும் ஒரு கணக்கில் மாத்திரம் தோன்றுகின்றான்.

அவன் போரிட்ட போர் அநீதியானதாயின்? கர்ணனைப் பற்றிய அதே வினா அமெரிக்கரை வியட்நாம் தொடர்பாக வாட்டியது. போரைத் தெரிந்தெடுத்தது அரசு. கட்டாய ஆட்சேர்ப்பால் சென்றவன் அதைத் தெரிந்தெடுக்கவில்லை. தெரிவு தவறாயின் தெரிந்தவரின் கடன் கூடுமேயன்றிக் குறையாது. ஆனால் இந்நியாயம் அமெரிக்க வீரனோடு நின்றுவிட மறுக்கின்றது. களைகொல்லியாகத் தெளிக்கப்பட்ட ‘ஏஜென்ற் ஒரேஞ்ச்’ நச்சினால் நோயுற்ற தன் வீரர்க்கு, குறிப்பிட்ட சில நோய்கள் சேவையால் வந்தனவென ஊகித்து ஈடு வழங்க 1991இல் காங்கிரஸ் வழிசெய்தது. அதே நச்சு அதே காட்டில் விழுந்தது. அங்கே பயிர்செய்து வாழ்ந்த வியட்நாமியர் சிலர் அதனைத் தயாரித்த கம்பனிகள்மீது தொடுத்த வழக்கு 2005இல் நியூயோர்க் நீதிமன்றமொன்றினால் தள்ளுபடி செய்யப்பட்டது. அவர்களிடம் கழிப்பதற்கு ஓய்வூதியமும் இருக்கவில்லை.