முகவரி இல்லாத வாக்கு

ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் ‘பிஃபோர் சன்ரைஸ்’ (1995) படத்தில், ரயிலில் சந்தித்த அமெரிக்கப் பையன் ஜெஸ்ஸியும் பிரெஞ்சுப் பெண் செலினும் வியன்னாவில் இறங்கி ராத்திரி பூரா பேசிக்கொண்டே நடக்கிறார்கள். விடிந்ததும், ஆறு மாசம் கழித்து இதே பிளாட்பாரத்தில் சந்திப்போம் என்று வாக்குக் கொடுத்து, போன் நம்பர்கூட வாங்காமல் பிரிகிறார்கள்.

கட்டில்லாத அன்பு என்று இதைக் கொண்டாடுகிறோம். சரி. ஆனா அதே ராத்திரியில், கையில் காசில்லாமல் ஒயின் கேட்கிற ஜெஸ்ஸி கடைக்காரரிடம் என்ன சொல்கிறான்? முகவரி கொடுங்க, பணம் அனுப்பிடறேன் என்கிறான். கடனுக்கு முகவரி வேணும், அன்புக்கு வேண்டாமா?

செலின் அவனைப் பெயரற்றோர் கல்லறைக்கும் கூட்டிப்போகிறாள். டான்யூப் ஆறு கரையில் ஒதுக்கிய, யாரென்று தெரியாத பிணங்களைப் புதைத்த இடம். அங்கே கிடப்பவர்களுக்கும் பெயர் இருந்தது. எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. பெயரையும் ஊரையும் விளையாட்டாக விட்டுவிட எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

‘பிஃபோர் சன்செட்’ (2004) படத்தில் மிச்சக் கதை தெரிகிறது. குறித்த நாளில் அவன் வந்தான். அவள் வரவில்லை, அன்று அவள் பாட்டியின் அடக்கம். சேதி சொல்ல வழியில்லை. அவனோ ஓட்டல் நம்பரை எழுதி ஸ்டேஷனைச் சுற்றி ஒட்டிவிட்டுக் காத்துக் கிடந்தான்.

யார் மேலும் குற்றமில்லைதான். அன்பு கட்டிப்போடக் கூடாது என்பது எனக்கும் சம்மதமே. ஆனா, ‘வர முடியலை’ என்று சொல்லி அனுப்புவது கட்டு அல்ல. காத்திருப்பவரை மனுசராக மதிப்பது. அந்த வழியை முன்கூட்டியே அடைத்துவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பேர் வைக்க எனக்கு மனசு வரலை.