மணலுக்கு அடியிலும் சுவாமி இருந்தார்!

'எத்தனை வெள்ளிக்கிழமை விளக்கேற்றினேன்! எத்தனை விரதம் இருந்தேன்! அம்பாள் கண் திறக்கவில்லையே...' மகளுக்கு வரன் தள்ளிப்போகும்போதும், கணவரின் தறி மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும்போதும் இப்படிக் கலங்காத பெண்மனம் உண்டா?

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி வட்டாரத்தில் இருக்கிறது சந்தவாசல். அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் படவேடு. ரேணுகாம்பாள் அருளாட்சி செய்யும் இந்தத் தலம், 14-ம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகராகத் திகழ்ந்தது. ஊரெங்கும் கோயில்கள்! காலப்போக்கில் ஆட்சி போனது. வெள்ளம் கொண்டுவந்த மணல், கோயில்கள் பலவற்றை மூடியது. அங்கே விளக்கு இல்லை, நைவேத்தியம் இல்லை, மணியோசை இல்லை. பார்த்தவர்களுக்கு வெறும் மண்மேடு!

1990-களில் திருப்பணிகள் தொடங்கின. மணலுக்குள் புதையுண்டிருந்த அம்மையப்பர் ஆலயமும் வெளிப்பட்டது. மீண்டும் தீபம் ஒளிர்ந்தது.

சற்றே யோசித்துப் பாருங்கள். மண்ணை அள்ளியவர்கள் சுவாமியை வெளியூரிலிருந்து அழைத்து வரவில்லை. அவர் அங்கேயேதான் இருந்தார். மறைந்தது நம் கண்ணுக்குத்தான்!

நம்மீது வந்து விழும் கடனும் நோயும் கவலையும் அந்த மணலைப் போன்றவை. அவை தெய்வத்தை மறைக்கலாம், விரட்ட முடியாது. கேட்டது நாளையே கிடைத்துவிடும் என்பதல்ல இதன் பொருள். படவேட்டு மணலையும் ஒரே நாளில் அள்ளிவிடவில்லையே!

மனம் ஒட்டாவிட்டாலும் இன்று மாலை விளக்கேற்றி, 'தாயே, நீ இங்கேதான் இருக்கிறாய்' என்று சொல்லுங்கள். ஒரு கூடை மணலை அள்ளியாயிற்று. மீதியை அம்பாள் பார்த்துக்கொள்வாள்!